எத்தனை ஃபில்டர் போட்டாலும் ஸ்பேம் இன்பாக்ஸுக்கே வருகிறது, எதை வைத்து வடிகட்டுவது?

தாழ்வாரம்:
ஜிமெயில்தான், கணினியில் பிரவுசரில் பார்க்கிறேன். ஸ்பேம் வரும்போதெல்லாம் அந்த முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, தானாக டெலீட் ஆகும்படி வைத்திருக்கிறேன். மறுநாளே அதே மடல் வேறு முகவரியிலிருந்து வந்து நிற்கிறது. சொல்லை வைத்துப் பிடிக்கலாம் என்று 'லோன்', 'ஆஃபர்' என்று கொடுத்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. முகவரியும் உதவவில்லை, சொல்லும் உதவவில்லை. வேறு எதை வைத்துத்தான் போடுவது?

சுருக்குப்பை:
முகவரிக்கு ஃபில்டர் போடுவது வீண் வேலை. ஃப்ரம் வரியில் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அதனால் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்கிறார்கள். சொல்லும் அப்படித்தான். எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத குறியைச் செருகுவார்கள், ஆங்கில எழுத்துக்குப் பதில் அச்சு அசலாக அப்படியே தெரியும் சிரிலிக் (ரஷ்ய மொழி) எழுத்தை வைப்பார்கள், இல்லாவிட்டால் மொத்தச் செய்தியையும் படமாக்கி அனுப்பிவிடுவார்கள். ஜிமெயில் ஃபில்டரில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சொல்லின் வடிவத்தை வைத்துத் தேடும் வசதி) கிடையாது என்பதால் இதையெல்லாம் துரத்திப் பிடிக்க முடியாது.

வருவதை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் அசல் ஸ்பேமுக்கு ஃபில்டரே வேண்டாம். மடலைத் திறக்காமல் டிக் செய்து 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். நீங்கள் டெலீட் ஃபில்டர் போட்டால் அது ஸ்பேம் என்கிற தகவலே ஜிமெயிலுக்குப் போய்ச் சேராது. ஃபில்டரில் உள்ள செயல்களைப் பாருங்கள், 'ஸ்பேமுக்கு அனுப்பு' என்று ஒன்று அங்கே இருக்காது. அதிலுள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பையும் தொடாதீர்கள். சொடுக்கினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே உறுதிசெய்து கொடுத்ததாகும்.

எப்போதோ பதிவு செய்த கடை, செயலி, செய்திமடல் ஆகியவை இன்னொரு வகை. இங்கே அன்சப்ஸ்கிரைப் தாராளமாகச் செய்யலாம். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மடல் அனுப்புகிறவர்கள், தங்கள் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று 2024இல் கூகுள் விதி கொண்டுவந்தது. அந்தப் பொத்தான் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

விலகிய பிறகும் வந்தால், மடலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் திஸ்' கொடுங்கள். அது மெயிலிங் லிஸ்ட் (ஒரே மடலைப் பலருக்கு அனுப்பும் பட்டியல்) வழியாக வந்த மடல் என்றால், முகவரிக்குப் பதிலாக லிஸ்ட் ஐடி, அதாவது அந்தப் பட்டியலின் அடையாளக் குறி, தானாகவே நிரம்பும். அனுப்பும் முகவரி மாறினாலும் லிஸ்ட் ஐடி பெரும்பாலும் மாறாது, நீங்கள் தேடும் பிடி அதுதான். அடுத்த பக்கத்தில் 'ஸ்கிப் த இன்பாக்ஸ்', 'அப்ளை த லேபிள்' இரண்டையும் டிக் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் டெலீட் வேண்டாம். இரண்டு வாரம் அந்த லேபிளில் என்ன சேர்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டெலீட் ஆனது டிராஷில் 30 நாள்தான் இருக்கும்.

வெட்டிவேர்:
இனிமேல் எங்கே பதிவு செய்தாலும் முகவரியில் + சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் + போட்டு 'கடை' என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலும் மடல் உங்களுக்கே வரும். பிறகு ஃபில்டரின் 'டு' கட்டத்தில் அந்த முழு முகவரியைக் கொடுத்தால் போதும், யார் அனுப்பினாலும் அகப்படும். முகவரி எங்கிருந்து கசிந்தது என்பதும் தெரிந்துவிடும். சில தளங்கள் + குறியை ஏற்பதில்லை. விவரம் தெரிந்த ஸ்பேமர் + முதல் @ வரை வெட்டிவிட்டு அனுப்புவார், அதற்கு இதில் மருந்து இல்லை.

வங்கி மடல் மாட்டிக்கொள்வது பற்றி: ஜிமெயிலில் ஃபில்டர்களுக்கு வரிசை கிடையாது, பொருந்துகிற அத்தனையும் ஓடும். 'முதலில் வங்கியைக் காப்பாற்று, அப்புறம் மற்றதை டெலீட் செய்' என்று அடுக்க முடியாது. விதிவிலக்கை அதே ஃபில்டருக்குள், 'டஸன்ட் ஹாவ்' கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

மணல்கடிகை:
வங்கி முகவரிக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' போடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். அந்த முகவரியைப் போலியாக எழுதி வரும் மடலுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். சந்தேகம் வந்தால் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே உள்ள அட்டவணையில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அனுப்பியது யார் என்று சரிபார்க்கும் சோதனைகள்) மூன்றுக்கும் 'பாஸ்' இருக்கிறதா, டிகேஐஎம் வரியில் இருப்பது வங்கியின் டொமைன்தானா (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) என்று பார்க்க வேண்டும். 'பாஸ்' மட்டும் போதாது, ஸ்பேமரும் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி முறையாக டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்ப முடியும்.

தாழ்வாரம்:
லிஸ்ட் ஐடி வைத்து ஒன்று போட்டேன், ஆனால் பழைய மடல்கள் அப்படியே இன்பாக்ஸில் கிடக்கின்றனவே? மொபைல் ஆப்பில் ஃபில்டர் போடும் இடமும் தெரியவில்லை. அலுவலக அவுட்லுக்கிலும் இதே முறைதானா?

சுருக்குப்பை:
ஃபில்டர் உருவாக்கும்போது கடைசியில் 'ஆல்சோ அப்ளை ஃபில்டர்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் புதிதாக வருபவை மட்டும்தான் நகரும். செட்டிங்ஸில் அந்த ஃபில்டரை எடிட் செய்து இப்போதும் போடலாம். ஆப்பில் ஃபில்டர் உருவாக்க வழியில்லை. ஆனால் ஃபில்டர் சர்வரில் ஓடுவதால், கணினியில் போட்டது மொபைலிலும் வேலை செய்யும்.

அவுட்லுக்கில் வரிசை உண்டு, விதிகள் மேலிருந்து கீழே ஓடும். அங்கே வங்கி விதியை மேலே வைத்து, 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' டிக் செய்தால் கீழே உள்ள விதிகள் அந்த மடலைத் தொடாது.

ஏற்கெனவே போட்டுவைத்த முகவரி ஃபில்டர்களை அழித்துவிடலாம். அதற்கு முன்னால் செட்டிங்ஸில் ஃபில்டர்கள் பக்கத்தின் அடியில் உள்ள 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும், தேவைப்பட்டால் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.