பழைய திடலில் உலோகம் தேடினேன், தோண்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இனி எங்கே தேடலாம்? (பினாங்கு)

குளுகோர் வாசி | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பள நாளில் காசை வேட்டி முனையில் முடிந்துகொண்டு திடலுக்குப் பந்தாட்டம் பார்க்கப் போவாராம். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். நம்மவர்கள் தவறவிட்ட ஏதாவது ஒன்று இந்த மண்ணில் கிடைக்காதா என்ற ஆசைதான்.

இன்று காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு அருகிலுள்ள பழைய திடலுக்குப் போனேன். அரை மணி நேரத்தில் தெளிவான ஒலி கேட்டது. ஒரு சாண் தோண்டியதும் பச்சை படிந்த சதுரக் காசு ஒன்று வந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முடி சூடிய மன்னரின் தலை, மறுபக்கம் 1920 என்ற ஆண்டு. கை நடுங்கிவிட்டது.

இரண்டாவது குழியைத் தொடங்கியபோது அமலாக்க அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "கருவியை ஆட்டுவதைப் பற்றி நான் கேட்கவில்லை, தோண்டுவதை நிறுத்துங்கள்" என்றார். அடையாள அட்டையைப் பார்த்தார், குழியை மூடச் சொன்னார், அடுத்த முறை அபராதம் என்றார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். காசைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது இப்போது தீப்பெட்டிக்குள் இருக்கிறது. மனம் உறுத்துகிறது.

என் கேள்விகள்: பொது இடத்தில் எங்குமே தோண்ட முடியாதா? இந்தக் காசை நான் வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, என் அக்கா தன் திருமண மோதிரத்தை மூன்று வாரங்களுக்கு முன் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் தொலைத்துவிட்டார். அதைத் தேடப் போனால், ஈர மணலுக்கு வந்தவுடன் கருவி நிற்காமல் கத்துகிறது. காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்கிறது. பழுதா?

நில அலுவலகத்தில் இருந்தவன் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, நிலம் யாருடையது, அதைப் பராமரிப்பவர் யார், அதற்குள் கிடைக்கும் பொருள் யாருடையது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லோரும் குழம்புவது இங்கேதான்.

மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பட்டா இல்லாத நிலம் மாநில அரசுடையது. திடல் என்பது பெரும்பாலும் பொதுப் பயனுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். புல் வெட்டுவது, மின்விளக்குப் போடுவது, சட்டம் பேசுவது எல்லாம் மாநகர் மன்றம். "பொது" என்ற சொல்லுக்கு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதான் பொருள். யார் வேண்டுமானாலும் கிளறலாம் என்று பொருள் கிடையாது. அந்த அதிகாரி செய்தது சரி.

தேட வேண்டும் என்றால் மாநகர் மன்றத்தின் நிலவனப்புப் பிரிவுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் திடல், எந்த மூலை (கையால் வரைபடம் போட்டால் போதும்), எந்த நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், எப்படி மூடுவீர்கள் என்று எழுதுங்கள். முடியாது என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். வாய்மொழியாக ஒருவர் "சரி, போ" என்று சொன்னது மறுநாள் வேறு அதிகாரி வரும்போது உதவாது.

கடற்கரையும் பெரும்பாலும் மாநில நிலம்தான். அங்கே கிளறிய மணலை அங்கேயே போட்டுவிடுங்கள். நிலச் சட்டப்படி, அனுமதியின்றி மணலை எடுத்துப் போவதே தனிக் குற்றம்.

உங்கள் ஆசைக்கு ஏற்ற இடம் தனியார் நிலம். மாமா, சித்தப்பா யாருக்காவது பழைய கம்பத்து (கிராமத்து) வீடு இருக்கும். நில உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொல்லையில் தேடுங்கள்.

இரவுத் தேடல் | ஞாயிறு, இரவு 11.02

இவ்வளவு கடிதம் எதற்கு? இரவு பதினொன்றுக்குப் பிறகு போனால் யாரும் கேட்கமாட்டார்கள். காதில் ஹெட்போன், கையில் சிறு கொத்து, ஐந்து நிமிட வேலை. நான் பல இடங்களில் செய்திருக்கிறேன்.

பந்துப் பயிற்றுநர் | திங்கள், காலை 6.50

மேலே எழுதியவருக்கு. வாரத்தில் மூன்று நாள் ஒரு பொதுத் திடலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சென்ற ஆண்டு இப்படி யாரோ இரவில் தோண்டி மேலோட்டமாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மூடிய இடம் பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. ஒரு மழை பெய்ததும் உள்ளே இறங்கிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து அதில் கால் வைத்தான். கணுக்கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தான். அவன் அம்மா காலையில் கடைக்கு வேலைக்குப் போகும் முன் அவனைத் தூக்கிக் காரில் ஏற்றி இறக்கியதை நான் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

குளுகோர் தம்பி, நீங்கள் மூடிய குழியை மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். இறங்கியிருந்தால் மண் போட்டு மிதித்துவிட்டு வாருங்கள்.

நில அலுவலகத்தில் இருந்தவன் | திங்கள், காலை 8.15

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. வெடிக்காமல் புதைந்த குண்டுகள் கட்டடப் பணிகளின்போது பினாங்கில் கிடைத்திருக்கின்றன. துருப்பிடித்த பெரிய உருளை எதுவும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். விலகிப் போய் 999 அழையுங்கள். பழைய தோட்டா கிடைத்தாலும் நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது குற்றம். இருட்டில் தனியாகத் தோண்டுபவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

கோட்டை வழிகாட்டி | திங்கள், மதியம் 1.30

தம்பி, முதலில் அந்தக் காசைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். உப்பு, எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். பச்சைப் படிவோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். மெல்லிய காகிதத்தில் சுற்றிக் காய்ந்த டப்பாவில் வையுங்கள். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் தேதியையும் நினைவு மங்கும் முன் எழுதி வையுங்கள்.

அது நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) ஒரு சென்ட் வெண்கலக் காசு. ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 1919, 1920, 1926 ஆண்டுகளைப் பொறித்து வந்தது. அந்தக் காலத்தில் இது எல்லோர் கையிலும் புழங்கிய சில்லறை. உங்கள் தாத்தாவின் வேட்டி முடிச்சிலும் இருந்திருக்கும். சந்தையில் இதற்குப் பெரிய விலை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இதற்காக உறுத்தலைச் சுமக்காதீர்கள்.

சட்டம் இதுதான்: 1957ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் நீக்கிவிட்டு 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது. 2006 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாரம்பரிய மதிப்பு உள்ளது என்று கருத இடமுள்ள பொருளைக் கண்டெடுத்தவர் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். மதிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. நாமே "இது சாதாரணக் காசு" என்று தீர்ப்பு எழுதிக்கொள்ளக்கூடாது. மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துக்குள் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி, அதைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தையும் சேர்த்து ஏறத்தாழ 259 ஹெக்டேர். பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786இல் காட்டை வெட்டவைக்க வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கோட்டைக்கு வருபவர்கள் அந்தக் காசெல்லாம் எங்கே என்று என்னிடம் கேட்காத மாதமில்லை. காசைவிட அது கிடந்த மண்ணடுக்குதான் ஆய்வாளருக்குப் பெரிது. கார்ன்வாலிஸ் கோட்டையின் அகழி 1920களில் மலேரியாவுக்குப் பயந்து மூடப்பட்டது. அதை மீண்டும் திறந்தபோது அடுக்கு அடுக்காக, தூரிகையும் சல்லடையும் வைத்துத்தான் வேலை நடந்தது. ஒரு காசு எந்த அடுக்கில் கிடந்ததோ அந்த அடுக்கின் வயதைச் சொல்லும். பிடுங்கிவிட்டால் அந்தக் காசு ஊமை.

செபராங் பிறையில் குவார் கெப்பாவை நினைத்துப் பாருங்கள். கற்கால மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள். சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே பெரும்பகுதி அழிந்தது. மிச்சமிருந்த மண்ணில்தான் 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்த மிச்சமும் போயிருந்தால் அவரும் போயிருப்பார். இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சுருள் கம்பி | திங்கள், இரவு 8.05

கருவி பழுதில்லை. கடல் உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவிக்கு அந்த மணலே உலோகம்போலத் தெரியும், அதனால் கத்துகிறது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் கைப்பேசியை வேறு பையில் போடுங்கள், இரும்பு முனை வைத்த காலணியைக் கழற்றுங்கள். கருவியில் கடற்கரைக்கென்று தனி அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஈர மணலில் உலோகம் இல்லாத ஓர் இடத்தில் நின்று நிலச் சமன் செய்யுங்கள், அதாவது அந்த மண்ணுக்கே ஒலிக்காதபடி கருவியைச் சரிசெய்யுங்கள். பிறகு உணர்திறனைப் படிப்படியாகக் குறையுங்கள். கத்தல் நின்று அமைதியாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சுருளை (கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டை) தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஆட்டுங்கள். வீச்சின் முடிவில் கை மேலே தூக்கிக்கொண்டால் மறுபடியும் கத்தும்.

இப்போது முக்கியமானது. குப்பையைத் தவிர்க்கிறேன் என்று தகரத்தாள், டின் மூடி வளையம் ஆகியவற்றுக்கு வடிகட்டி போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மெல்லிய தங்க மோதிரம் திரையில் காட்டும் எண்ணும் டின் வளையம் காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான். வளையத்தை ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்கியதாகிவிடும். ஐம்பது வளையம் பொறுக்குவதற்குத் தயாராக இருப்பவருக்குத்தான் மோதிரம் கிடைக்கும்.

அக்காவைக் கூடவே அழைத்துப் போங்கள். எங்கே உட்கார்ந்தார், எங்கே கை கழுவினார், பிள்ளையை எந்தப் பக்கம் தூக்கினார் என்று அந்த இடத்தில் நின்று சொல்லட்டும். நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டி, பாத்தி பாத்தியாக, ஒரு வீச்சு முந்திய வீச்சின் மேல் பாதி விழும்படி நடங்கள். மண்வெட்டி வேண்டாம். துளையிட்ட மணல் அகப்பை போதும், எடுத்த குழியைக் காலால் அப்போதே மூடிவிடுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை | செவ்வாய், மாலை 4.20

தம்பி, பத்து ஃபெரிங்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெலுக் பஹாங்கைத் தாண்டித் தேசியப் பூங்காவுக்குள் போக வேண்டாம். அங்கே கெராச்சுட் கடற்கரையில் ஆமைகள் மணலுக்குள் முட்டையிடுகின்றன. ஒரு கொத்துப் போட்டால் ஒரு கூடே போய்விடும்.

இதையும் ஒரு மூத்தவளாகச் சொல்கிறேன். நம்மவர்கள் அஸ்தி கரைக்கும் இடங்களிலும் மாசி மகத்துக்குச் சாமி இறங்கும் கரையிலும் காசு கிடக்கும். என் கணவருக்காக நானே மூன்று காசு போட்டிருக்கிறேன். அவை தொலைந்த காசுகள் அல்ல, கொடுத்த காசுகள். அங்கே கருவி ஒலித்தால் நகர்ந்து போய்விடுங்கள்.

குளுகோர் வாசி | சனி, இரவு 7.15

அனைவருக்கும் நன்றி. திடலுக்குப் போய்ப் பார்த்தேன், பயிற்றுநர் அண்ணன் சொன்னதுபோலவே குழி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு வாளி மண் போட்டு மிதித்துவிட்டு வந்தேன். புதன்கிழமை விடுப்பு எடுத்துக் காசை மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்ட அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடத்தையும் ஆழத்தையும் எழுதச் சொன்னார். பற்றுச்சீட்டு கிடைத்தது. கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை நீர் வற்றியபோது அக்காவோடு போனேன். உணர்திறனை அரைவாசிக்கும் கீழே குறைத்ததும் கருவி அமைதியாகிவிட்டது. மூன்று மணி நேரத்தில் 31 டின் வளையம், தூண்டில் ஈயக்குண்டு நான்கு, ஐம்பது சென் இரண்டு, புழக்கத்திலிருந்து போய்விட்ட ஒரு ரிங்கிட் நாணயம் ஒன்று. பிறகு சிப்பி ஓடுகள் தட்டுப்படும் ஆழத்தில் மஞ்சளாக ஒன்று மின்னியது. அக்கா ஓடிவந்தார். மோதிரம்தான், ஆனால் அவருடையது இல்லை. உள்பக்கம் சீன எழுத்தும் 2011 என்ற எண்ணும் பொறித்திருக்கிறது. இதையும் மாவட்ட அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டுமா?

நில அலுவலகத்தில் இருந்தவன் | சனி, இரவு 8.40

இல்லை. இது பழம்பொருள் அல்ல, இன்னொருவர் தொலைத்த சொத்து. குற்றவியல் சட்டத்தொகுப்பின் 403ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. காப்பாற்றவோ உரியவரிடம் சேர்க்கவோ எடுத்தால் குற்றமில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். காவல் நிலையத்தில் புகார்ப் பதிவு செய்து ஒப்படையுங்கள். கடற்கரைக் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். உள்ளே என்ன பொறித்திருக்கிறது என்பதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். உரியவர் வந்தால் அவர் வாயால் சொல்லட்டும். மேலே எழுதியிருப்பதையும் உடனே அழித்துவிடுங்கள்.

குளுகோர் வாசி | ஞாயிறு, மதியம் 12.10

பொறிப்பைப் பற்றிய வரியை அழிக்க முயன்றேன், நேரம் கடந்துவிட்டதால் முடியவில்லை. நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். மோதிரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். அக்காவும் கூட வந்தார். பதிவு முடியும்வரை தன் வெறும் விரலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. கயிறு கட்டிய பாத்திகளில் பாதிதான் முடிந்திருக்கிறது. அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும் என்று அங்குள்ள மீனவர் ஒருவர் சொன்னார். அன்று விடியற்காலையில் போகிறோம். அகப்பை பிடிக்க இன்னொரு கை கிடைத்தால் நல்லது, வர முடிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

பந்துப் பயிற்றுநர் | ஞாயிறு, மதியம் 12.35

நான் வருகிறேன் தம்பி. நேரத்தைச் சொல்லுங்கள்.