விதி எந்த நாளிலிருந்து விதி? அரசாணை, அரசிதழ், சுற்றறிக்கை தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

கரிசல்மண்:
கண்மாய் வண்டல் விஷயம் இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், நேராகவே வருகிறேன். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, அதில் 12-ஆம் விதி. 2024-ல் திருத்தம் வந்து, விவசாயத்துக்குக் கண்மாயில் வண்டல் எடுக்க, ஆட்சியர் வரை போகாமல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றானது. நான் மனு கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் போட்டு எழுத்தெல்லாம் தடித்து, கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்தில் நீலப் பேனாவில் 'ஆட்சியர்' என்று எழுதி இரண்டு அடிக்கோடு. "இதுதாண்ணே விதி, கலெக்டர் ஆபீஸ் போங்க" என்றார். நான் போனில் வைத்திருந்த திருத்தத்தைக் காட்டினேன். தம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேதியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, "சரிதாண்ணே. ஆனா எங்களுக்கு இன்னும் கடிதம் வரலையே" என்றார்.

மரியாதையாகத்தான் பேசினார், காசும் கேட்கவில்லை. ஆனால் கடிதம் வருவதற்குள் மழை விழுந்து கண்மாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அந்த வருஷம் மண் எடுக்க முடியவில்லை. அரசிதழில் வந்த நாளிலிருந்து விதியா, மேசைக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து விதியா? இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு:
அண்ணே, சட்டப்படி அரசிதழில் வெளியான நாள்தான். அந்த அறிவிக்கையிலேயே வேறு நாள் குறித்திருந்தால் அந்த நாள். கடிதம் என்பது கீழ் அலுவலகங்களுக்குத் தகவல் சொல்ல மட்டும். அது வராததால் விதி தூங்கிக்கொண்டிருக்காது.

இதற்கு அடிப்படையான தீர்ப்பு 1951-ல் வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-ல் அமைச்சரவை ஒரு அபின் சட்டத்தைத் தீர்மானமாகப் போட்டது, எங்கேயும் வெளியிடவில்லை. அதன் கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ், மக்கள் அறியும்படி வெளியிடாத ஒன்றை வைத்து ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கே விரோதம் என்று தண்டனையை ரத்து செய்தார். 50 ரூபாய்க்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் இன்றைக்கு நாம் அதைச் சொல்லிக்காட்ட முடிகிறது. உங்கள் கதை அதற்கு மறுபக்கம்: வெளியிட்டாயிற்று, நடத்த வேண்டியவருக்கு வந்து சேரவில்லை.

என் அனுபவம் ஒரு கட்டட அனுமதி வழக்கு. ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தது. அதன் பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். திருத்தம் எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முழு விதியைப் போட மாட்டார்கள். இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள், இந்த உட்பிரிவுக்குப் பின் இந்த உட்பிரிவு, அவ்வளவுதான். மனு போட்ட தேதியில் விதி எப்படி இருந்தது என்று தயார் பண்ணச் சொன்னார் சீனியர். கடையில் விற்கிற இரண்டு புத்தகங்களில் ஒன்றில் எங்களுக்கு வேண்டிய வரி இருந்தது, இன்னொன்றில் இல்லை. ஒவ்வொரு அரசிதழாக இறக்கி, வெட்டி ஒட்டி, பக்கத்திலேயே தேதி எழுதி ஒரு பிரதி உண்டாக்கினேன்.

எதிர்த்தரப்பு கையில் வரி இல்லாத புத்தகம். நீதிபதி என் தாளை வாங்கி, ஒட்டியிருந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இதை ஏன் துறையே செய்து இணையத்தில் வைக்கக் கூடாது?" என்று அரசு வழக்கறிஞரைக் கேட்டார். அந்தப் பக்கமிருந்து பதிலே வரவில்லை. வழக்கு வேறொரு காரணத்தில் முடிந்துபோனது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. அரசு எழுதிய விதியின் இன்றைய வடிவம் எது என்று தெரிந்துகொள்ள ஒரு குடிமகன் தனியார் பதிப்பகத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

பழையகோப்பு:
தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கரிசல்மண் ஐயா, அந்த உதவியாளரைக் குறை சொல்லாதீர்கள். வாராவாரம் அரசிதழைத் திறந்து பார் என்று அந்த மேசைக்கு யாரும் வேலை ஒதுக்கவில்லை. ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்) போட்ட கடிதம் வந்தால்தான் அவருக்குக் கோப்பு நகரும். கடிதம் இல்லாமல் ஆணை பிறப்பித்துவிட்டு, நாளைக்குத் தணிக்கைக் குறிப்பு வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் மனதில் நிற்பது வேறொன்று. மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம், வரைவு வெளியிட்டோம். 1988 சட்டத்தின் 212-ஆம் பிரிவு, வரைவை முன்கூட்டி வெளியிட்டுத்தான் விதி செய்ய வேண்டும் என்கிறது. ஆட்சேபணைக்குக் கொடுத்த கெடு முடியும் நேரத்தில் ஒரே ஒரு கடிதம். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், ஓரமெல்லாம் பிசிறு. நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் உள்விதியை நீங்களே முன்பு நீக்கிவிட்டீர்கள், இல்லாத ஒன்றைக் கைகாட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தால் உண்மை! எங்கள் பிரிவு, சட்டத் துறை எல்லாம் தாண்டி வந்த வரைவு அது. அந்தத் தாளை நடப்புக் கோப்பில் சேர்த்து, குறிப்புக் கோப்பில் அப்படியே எழுதி மேலே அனுப்பினேன்.

அதனால் தேடுகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் சட்டத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அரசு விதிகள் செய்யலாம் என்ற பிரிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதில் முன்கூட்டி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். மத்தியச் சட்டத்தில் அப்படி இருந்தால் 1897-ஆம் ஆண்டுப் பொது உட்கூறுகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வந்துவிடும். வரைவை வெளியிட வேண்டும், எந்த நாளுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்ல வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். அந்த நிபந்தனையே இல்லாவிட்டால், வரைவைக் காட்டாமல் நேரே இறுதி விதியை வெளியிட்டுவிடலாம். எத்தனையோ விதிகள் அப்படித்தான் வருகின்றன. என்னையே கேட்காமல் எப்படிப் போட்டார்கள் என்று வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அரசிதழ். வார இதழ் புதன்கிழமை வரும், அவசரமானதெல்லாம் சிறப்பு வெளியீடாக எந்த நாளிலும் வரும். தலைமைச் செயலகத் துறைகள் போடும் பொது விதிகள் பகுதி மூன்று, பிரிவு 1(அ). பணி விதிகள் 1(ஆ). இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாப் பகுதியையும் புரட்டினால் கண்தான் வலிக்கும். அரசாணை எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், அரசிதழ் எண்ணும் தேதியும் வேண்டும். அறிவிக்கையின் முதல் வாக்கியத்தில், எந்தப் பிரிவு வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு இதைச் செய்கிறோம் என்று இருக்கும். அந்தப் பிரிவைச் சட்டத்தில் எடுத்து வைத்துப் படியுங்கள். அதிகாரத்துக்கு மிஞ்சிய விதி அங்கேதான் பிடிபடும். பழைய காலத்து விதி என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். இன்னொன்று, பெரும்பாலான சட்டங்களில் விதிகளைப் பேரவை முன் வைக்க வேண்டும் என்று இருக்கும். பேரவையில் சட்டவிதிகள் ஆய்வுக் குழு என்றே ஒன்று உண்டு. அதை யாரும் நினைப்பதே இல்லை.

கறுப்புக்கோட்டு:
ஐயா, அரசிதழைப் பார்க்க யாருக்கும் வேலை ஒதுக்கவில்லை என்று நீங்கள் நியாயமாகச் சொல்வதுதான் எனக்குக் குற்றமாகப் படுகிறது. உதவியாளர்மேல் இல்லை, ஒதுக்காதவர்கள்மேல். குடிமக்களிடம் மட்டும் சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்கிறோமே?

கரிசல்மண்:
நோட்டுத் தாளில் எழுதினாரே, அவருக்குப் பதில் போனதா ஐயா?

பழையகோப்பு:
இல்லை. பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் சட்டம், பதில் எழுத வேண்டும் என்று இல்லை. விதி இறுதியானபோது அவர் சொன்ன இடம் சரிசெய்யப்பட்டு வந்தது. அது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தனியாக ஒரு கடிதம் போடலாமா என்று மேலே கேட்டேன், அப்படி வழக்கமில்லை என்றார்கள்.

கடல்கடந்தவன்:
கலிபோர்னியாவில் இருக்கிறேன். பதில் போனதா என்ற கேள்வியால்தான் எழுதுகிறேன். இங்கே மாநிலத் துறை ஒன்று விதி போட வேண்டுமென்றால் வரைவு அறிவிப்புக்குப் பின் குறைந்தது 45 நாள் கருத்துக் கேட்க வேண்டும். வந்த ஒவ்வோர் ஆட்சேபணையையும் சுருக்கி, ஏற்றோமா இல்லையா, ஏன் என்று இறுதிக் காரண அறிக்கையில் எழுதியாக வேண்டும். பிறகு அந்தக் கோப்பு முழுவதும் விதிகளைச் சரிபார்ப்பதற்கென்றே இருக்கும் தனி அலுவலகத்துக்குப் போகும். அவர்களுக்கு 30 வேலை நாள். அதிகாரம் உண்டா, தேவை உண்டா, தெளிவாக இருக்கிறதா, மற்ற சட்டங்களோடு முரண்படுகிறதா என்றெல்லாம் பார்த்துத் திருப்பியும் அனுப்பலாம்.

ஒரு உரிம விதி மாற்றத்துக்கு என் மனைவி எழுதினாள். மாதங்கள் கழித்து அந்த அறிக்கையில் தேடினால், அவள் சொன்னது ஒரு எண்ணோடு இருந்தது. கீழே துறையின் பதில், கிட்டத்தட்ட ஒரு பக்கம். ஏற்கவில்லை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்பதை அவளுடைய வாதத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தோற்றாலும் ஒரு மனிதரோடு பேசிய மாதிரி இருக்கிறது என்றாள்.

இங்கும் எல்லாம் ஆரம்பத்திலேயே அப்படி இருந்துவிடவில்லை. 1930-களில் அமெரிக்க மத்திய அரசு எண்ணெய் உற்பத்திக்கு ஒரு விதி போட்டது. அதை மீறினார்கள் என்று வழக்கு. உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் நேரத்தில் பார்த்தால், இடையில் வந்த ஒரு திருத்தத்தில் அந்தப் பத்தியே தவறுதலாக விட்டுப்போயிருந்தது. கீழ் நீதிமன்றங்களில் இரு தரப்புக்கும் தெரியாது. விதிகளை ஒரே இடத்தில் அச்சிடும் இதழ் இல்லாததால் வந்த வினை. 1935-லேயே அதற்கான சட்டம் வந்தது. கறுப்புக்கோட்டு அவர்கள் வெட்டி ஒட்டியதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

நாலாம்பிரிவு:
கடல்கடந்தவன் சார் சொல்வது நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒன்றுமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். தன்னிடம் இருக்கும் விதிகள், அறிவுரைகள், கையேடுகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும். முக்கியக் கொள்கை வகுக்கும்போது தொடர்புள்ள விவரங்களை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2014-ல், சட்டமோ விதியோ வரைவை 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும் என்றே முடிவெடுத்தது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதைத் தரச் சொல்லி, ஆட்சேபணைக் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. கேட்டவர்கள் இருந்ததால் நடந்தது.

என் கதை பட்டா மாறுதல். 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலும் 1987 விதிகளிலும் நான் தேடிய வரை இல்லாத ஒரு பத்திரத்தைக் கேட்டார்கள். எதில் இருக்கிறது என்றேன். சுற்றறிக்கை என்றார். எண் கேட்டேன். எழுத்தர் பார்க்காமலே எண்ணும் வருஷமும் மளமளவென்று சொன்னார். அவ்வளவு மனப்பாடம். அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு, 10 ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டி, அதே எண்ணைப் போட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டேன். பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து பதில் வந்தது: "தாங்கள் கோரும் சுற்றறிக்கை இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை." அதை எடுத்துப்போய் அவரிடமே காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. "எங்க பழைய சார் இருந்த காலத்திலேர்ந்து இதைக் கேட்டுத்தான் சார் வாங்குறோம்" என்றார்.

அந்தச் சுற்றறிக்கை இருந்தாலுமே விதியை மீற முடியாது என்பது 1967-லேயே சந்த் ராம் சர்மா வழக்கில் தீர்ந்த விஷயம். விதி பேசாத இடத்தை அறிவுரை நிரப்பலாம், விதியை மாற்றி எழுத முடியாது.

கடல்கடந்தவன்:
இங்கே துறை இப்படி விதியாக்காமல் வெறும் வழிகாட்டி என்ற பெயரில் கட்டாயப்படுத்தினால், நான் சொன்ன அதே அலுவலகத்தில் மனு போடலாம். இது விதியாகப் போட்டிருக்க வேண்டியது என்று அவர்கள் எழுத்தில் முடிவு சொல்லலாம். அதுபோல அங்கே ஏதாவது உண்டா?

கறுப்புக்கோட்டு:
தனி அலுவலகம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான், அது எல்லாருக்கும் எட்டாது. நாலாம்பிரிவு சார், உங்கள் கையில் இருக்கும் அந்தப் பதில் நல்ல ஆயுதம். பட்டா விண்ணப்பத்தை எழுத்தில் நிராகரிக்கச் சொல்லிக் கேளுங்கள், வாய்மொழியில் விடாதீர்கள். ஆணை வந்ததும் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மேல்முறையீடு, தகவல் பதிலை முதல் இணைப்பாக வையுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஒ) பிரிவில் கோப்பை நேரில் பார்வையிடவும் விண்ணப்பியுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. உங்கள் விண்ணப்பத்தின்மேல் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று அங்கே தெரிந்துவிடும்.

நாலாம்பிரிவு:
நிராகரித்து எழுதித் தரக் கேட்டுவிட்டேன் அம்மா. தர மாட்டேன் என்கிறார்கள், நிலுவை என்று மட்டும் காட்டுகிறது. நிலுவைக்கு மேல்முறையீடு உண்டா?