அல்லிஜ்: மட்ட இறக்கமா, தலைவெளியா?

கம்பத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சிவப்பு ஒயினை முதலீடாக வாங்கி முதிரவைப்பவர்களுக்கான சொற்பட்டியலில் 'அல்லிஜ்' (ullage) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. நிமிர்த்தி வைத்த புட்டியில் தக்கையின் அடிமுனைக்கும் ஒயினின் மேற்பரப்புக்கும் நடுவே உள்ள காலியிடம் அது. தோட்டமும் அறுவடை ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு புட்டிகள் ஏலத்தில் வேறுவேறு விலைக்குப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

'வெற்றிடம்' பொருந்தாது. அங்கே வாயு இருக்கிறது, அந்த வாயுதான் சிக்கலே. என் பரிந்துரை 'மட்ட இறக்கம்'. முல்லைப்பெரியாற்று நீர்மட்டத்தை நாள்தோறும் பார்க்கும் எங்கள் பக்கத்தில் 'மட்டம் இறங்கிவிட்டது' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துத் தோள் புடைத்த புட்டிக்கான படிநிலைகளும் தமிழில் தாமாகவே அமைகின்றன: கழுத்து, கழுத்தடி, மேல்தோள், நடுத்தோள், கீழ்த்தோள். 10 ஆண்டு கடந்தும் கழுத்துக்குள் நின்றால் மிக நல்ல நிலை. 20 ஆண்டு கடந்ததற்கு மேல்தோள் ஏற்கத்தக்கது. நடுத்தோளுக்கு வந்துவிட்டால் தக்கை தளர்ந்திருக்கும் என்று ஐயப்பட வேண்டும். கீழ்த்தோள் புட்டியை, கிடைத்தற்கரிய ஒயினாக இருந்தால் ஒழிய, ஏலத்தார் தொடுவதில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணா, படிநிலைப் பெயர்கள் அருமை. 'மட்டம்' வேண்டாங்க. 'மட்டச் சரக்கு' என்று புழங்கும் சொல்லை விலையுயர்ந்த ஒயினின் நிலை அறிக்கையில் போட்டால் படிப்பவர் தரத்தைத்தான் நினைப்பார். 'இறக்கம்' அதைவிடத் தவறு. ஆலையில் அன்று அடைத்த புட்டியிலும் இடைவெளி உண்டே! பல போர்தோ புட்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் வாய் விளிம்பிலிருந்து 63 மி.மீ. கீழே வரைக்கும் நிரப்புகிறார்கள். தக்கை 49 மி.மீ. நீளம் என்றால் மிச்சம் 14 மி.மீ. இதில் எதுவும் இறங்கவில்லை.

இன்னொன்று, பிரான்ஸின் மற்றொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் புட்டிக்குத் தோளே கிடையாது, கழுத்து அப்படியே சரிந்து வயிற்றில் சேரும். அதற்குத் தக்கையடியிலிருந்து செ.மீ. கணக்குத்தான். 30 ஆண்டான சிவப்பு பர்கண்டியில் 5 முதல் 6 செ.மீ. இயல்பு. ஆகவே நமக்கு வேண்டியது தோளையோ கழுத்தையோ சாராத, அளக்கக்கூடிய ஓர் இடத்தின் பெயர்.

நகரியிலிருந்து:

'தலைவெளி' என்று வைக்கலாம். மரக்காலைத் தலை தட்டி அளப்பது, குடத்தைத் தலை தட்ட நிரப்புவது என்று கலத்தின் மேல்விளிம்பைத் தலை என்று சொல்வது வழக்கில் இருப்பதுதான். தக்கையைச் சொல்லோடு கட்டாததால் மரப்பீப்பாய்க்கும் எஃகுத் தொட்டிக்கும் பொருந்தும். பீப்பாயில் ஓக் பலகை வழியாக ஒயின் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது அதே ஒயினை ஊற்றித் தலைவெளியை அடைக்காவிட்டால் அசிட்டிக் நுண்ணுயிர் பெருகிப் புளித்துவிடும். குமுளிப் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பரணி என்னும் பீங்கான் சாடியில் திராட்சை ஒயின் போடுபவர்கள் நொதிக்கும்போது நுரைக்கென்று விடும் இடமும் தலைவெளிதான்.

கம்பத்திலிருந்து:

ஏற்கிறேன், ஆனால் முதலீட்டாளர் கேட்பது இடம் எவ்வளவு என்பதை அல்ல, எவ்வளவு போயிற்று என்பதை. 'தலைவெளி' அந்த இழப்பைச் சொல்லவில்லையே?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அதனால்தான் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். இடத்துக்குத் தலைவெளி, போனதற்கு 'வற்றிழப்பு'. 'வற்றல்' என்று நிறுத்தினால் மாங்காய்க்குப் போய்விடும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது, நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

பிரிப்பதில் உண்மையான பயன் உண்டு. ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனமான பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்தும் மறுதக்கை முகாம்களில் 15 ஆண்டு கடந்த தன் புட்டிகளைத் திறந்து, சோதித்து, தேறியதில் சிறிது புது ஒயின் ஊற்றி மீண்டும் அடைத்துத் தருகிறார்கள். அப்போது தலைவெளி சுருங்குகிறது, நேர்ந்த வற்றிழப்பு நேர்ந்ததுதான். அறிக்கையில் இரண்டும் தனித்தனியே வர வேண்டும். மிகப் பழைய புட்டியில் தலைவெளி ஆலைப்புதிதுபோல இருந்து, மறுதக்கைச் சான்றும் இல்லையென்றால் போலியோ என்று பார்க்கணும்.

வற்றிழப்பின் காரணங்களையும் விளக்கத்தில் சேருங்கள். 12 முதல் 14 டிகிரி, 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், படுக்கைவாட்டு, இருட்டு இருந்தால் பல பத்தாண்டுகளில் மெல்ல வற்றும். காற்று வறண்டால் தக்கையின் வெளிமுனை சுருங்கும். ஈரம் மிகுந்தால் ஒயினுக்குக் கேடில்லை, லேபிள் பூஞ்சை பிடித்து விலை விழும். வெப்பந்தான் பெரும்பகை. பாலக்காட்டுக் கோடையில் குளிரூட்டி நின்று 38 டிகிரி ஏறினால் ஒயின் கண்ணாடியைவிட அதிகம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், விளிம்பில் கசியும். மறுபடி குளிரும்போது அதே வழியாகக் காற்றை உள்ளிழுக்கும். புட்டி வாயைப் போர்த்தும் உறையான காப்சூலைத் தக்கை முட்டிப் புடைத்திருப்பதும், காப்சூல் ஒட்டிக்கொண்டு சுழலாததும் இதன் அடையாளங்கள். சில காப்சூல்கள் புதிதிலேயே இறுக்கமானவை, ஆகவே சுழலாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு வேண்டாம்.

நகரியிலிருந்து:

சரி, அக்கா சொன்னபடி இரண்டு பதிவாகவே எழுதுகிறேன். தலைவெளி: மூடியின் அடிமுனைக்கும் நீர்மப் பரப்புக்கும் இடைப்பட்ட உயரம், மி.மீ.யில். வற்றிழப்பு: அடைத்த நாளிலிருந்து குறைந்துபோன ஒயினின் அளவு, மி.லி.யில்.

அலகை வேறுபடுத்தியது வேண்டுமென்றேதான். 18.5 மி.மீ. உள்விட்டமுள்ள கழுத்தில் 1 செ.மீ. இறங்கினால் போனது ஏறக்குறைய 2.7 மி.லி. அதே 1 செ.மீ. 7 செ.மீ. உள்விட்டமுள்ள உடற்பகுதியில் 38 மி.லி. ஆகிவிடும். தலைவெளியை மட்டும் பார்த்தால் தோளுக்குக் கீழான இழப்பைக் குறைத்து மதிப்பிடுவோம். அளக்கும்போது புட்டியை நிமிர்த்தி, நிலவறை வெப்பநிலைக்கு வந்தபின், பின்னால் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். அளந்த வெப்பநிலையையும் குறிக்க வேண்டும், வெதுவெதுப்பான புட்டி நிறைந்ததுபோலக் காட்டும்.

கம்ப அண்ணனின் கழுத்தடி, மேல்தோள் வரிசையைப் போர்தோ வடிவப் புட்டிகளுக்கு மட்டும் என்று குறித்துத் தலைவெளிக்குக் கீழே உட்பதிவாக வைக்கிறேன். திருகுமூடிப் புட்டியில் தக்கை இல்லை என்பதால்தான் விளக்கத்தில் 'மூடி' என்று போட்டேன். மறுப்பு இருந்தால் பட்டியலில் ஏற்றும் முன் எழுதுங்கள்.