பச்சைக் கடற்பாசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது?

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாட்டில் இருக்கிறது. அம்மம்மாவுக்கு 74 வயது. ஒன்றரை மாதமாகப் பல் விளக்கும்போதெல்லாம் முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. கால்களில் அடிபடாமலே கன்றல்கள். விற்றமின் சி குறைவென்று வைத்தியர் குளிசை கொடுத்தார், அதை ஒழுங்காக விழுங்குகிறார். சாப்பாட்டிலும் சேர்க்கச் சொன்னதுதான் சிக்கல். தேசிக்காயும் தோடம்பழமும் வாய்ப்புண்ணில் எரிகின்றன. கொய்யாவை மசித்துக் கொடுத்தால், "நான் என்ன பால்குடிப் பிள்ளையா?" என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார்.

கடற்பாசிக்கு மட்டும் மறுப்பில்லை. நாங்கள் வளர்ப்பது கப்பாபைக்கஸ். 45 நாளில் அறுத்து, காயவைத்து விற்பது.

முதலில் காய்ந்த பாசியில் கஞ்சி காய்ச்சினேன். ஆறியதும் அகப்பையை நிமிர்த்தி நிறுத்தலாம், அவ்வளவு இறுக்கம். விற்றமின் சி வெயிலிலும் கொதியிலும் அழியும், தண்ணீரில் கரைந்தும் போகும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்தக் கஞ்சியால் பயனில்லை.

பிறகு அன்றே அறுத்த பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டார். ஆனால் உப்புக் கரித்தது, அவருக்கோ இரத்த அழுத்தம். அரை நிமிடம் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், வழவழத்துவிட்டது. இரவு முழுக்க ஊறவைத்தால் உப்போடு விற்றமினும் போய்விடுமே.

கப்பாபைக்கஸைப் பச்சையாகச் சாப்பிடுபவர்களே, உப்பு இறங்க எத்தனை நிமிடம் நல்ல தண்ணீரில் வைக்கிறீர்கள்?