கஜாவுக்குப் பிறகு வந்த பயம், கெட்டமைன், கொடைக்கானல் காளான்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கீச்சாங்குப்பம் பொண்ணு:

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கெட்டமைன் சிகிச்சை எடுத்தவள் நான். இதைப் பற்றி வீடியோக்களில் வருவதெல்லாம் ஒன்று மாயமந்திரம், இல்லாவிட்டால் போதை. இரண்டையும் நம்பி எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சுனாமியில் அம்மா போய்விட்டாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பிறகு வளர்ந்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதே, அந்த ராத்திரியோடு எல்லாம் திரும்ப வந்துவிட்டது. தூக்கம் போனது. அலுமினியச் சட்டி கீழே விழுந்தால் உடம்பு விறைத்துப்போகும். வானம் தெளிவாக இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறேன். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும்.

கெட்டமைன் புது மருந்து இல்லை. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க 1970-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பழக்கமானதுதான். அதைக் குறைந்த அளவில், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில், 40 நிமிஷம் டிரிப்பாக ஏற்றினால் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வு தணிகிறது என்று பிற்பாடுதான் கண்டார்கள். மாயத் தோற்றம் காட்டும் எல்.எஸ்.டி., போதைக் காளான் வகையோடு இதைச் சேர்க்க மாட்டார்கள். அவை செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் வழியில் மூளையைத் தொடுகின்றன, இது குளூட்டமேட் என்ற வேறொரு ரசாயனத்தின் வழியில். ஆனால் மனதைக் கொஞ்ச நேரம் தன் இடத்தைவிட்டு நகர்த்துகிற மருந்துகளில், இங்கே ஒரு டாக்டர் சட்டப்படி கொடுக்கக்கூடியது இதுதான்.

வெறும் வயிற்றில் போகணும், கூட ஒரு ஆள் வரணும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. மயக்க மருந்து டாக்டர் அறையைவிட்டு நகரவே இல்லை. டிரிப் ஏறியதும் என் கை கால் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீர், சேறு, டீசல் வாடை. பார்த்துக்கொண்டே இருந்தேன், பயம் மட்டும் வரவில்லை. அம்மா என் இடுப்பைப் பிடித்து மாடிப்படியில் தூக்கிவிட்டு "ஏறு, ஏறு" என்றாள்.

அம்மாவை விட்டுவிட்டு ஓடிவந்தவள் என்றுதான் அதுவரை என்னை நினைத்திருந்தேன். அதனால் மறுநாள் கவுன்சிலிங் மேடத்திடம் "உண்மை தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி அழுதேன். அவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. மருந்து ஏறியிருக்கும்போது வருவதையெல்லாம் ஞாபகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மனசு தனக்கு வேண்டியதையும் காட்டும், நடந்ததா இல்லையா என்று இப்போதே முடிவுகட்டாதே என்றார். ஊருக்கு வந்து அத்தையைக் கேட்டேன். அவள் அன்றைக்கு அங்கே இருந்தவள். "உங்கம்மா கொல்லையில கருவாடு காயப்போட்டுக்கிட்டு இருந்தா, நீ தெருவுல நின்ன. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லடி" என்றாள்.

அம்மா என்னைத் தூக்கிவிடவும் இல்லை, நான் அவளை விட்டு ஓடவும் இல்லை. அடுத்து வந்த மாதங்கள் முழுக்க இதைத்தான் மேடத்திடம் பேசினேன். முன்பெல்லாம் அந்த நாளைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவேன். அத்தை சொல்லி முடிக்கும்வரை எதிரே உட்கார முடிந்ததே, அந்தத் தெம்பு மருந்து கொடுத்தது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அது தங்காது. ஒருமுறை ஏற்றினால் ஒரு வாரம் போல, பிறகு வேகம் குறைந்துவிடும். மேட்டூர் திறந்தால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வாய்க்கால் தூர் வாரியிருக்கணும். அந்த ஒரு வாரத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கணும்.

மன்னார்குடிக்காரன்:

அக்கா, உங்களுக்கு டாக்டர் பக்கத்துலயே இருந்தாங்க. எங்க சித்தப்பா பையனுக்கு யாருமே இல்ல. சித்தப்பா போனதுக்கு அப்புறம் அவன் பேச்சையே நிறுத்திட்டான். காளான் சாப்பிட்டா ஒரே நாள்ல மனசு சரியாயிடும்னு வெளிநாட்டு வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு, கூட்டாளிங்களோட கொடைக்கானல் போனான். திரும்பி வந்தவன் தூங்கவே இல்ல. விடிய விடியப் பேச்சு. எல்லாரையும் காப்பாத்த வந்தவன் தான்தான்னான். வண்டியைச் சாவியோட யாருக்கோ குடுத்துட்டு வடுவூர்லேர்ந்து நடந்தே வந்தான். தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கான்னுதான். பெரியப்பா ஒருத்தர் வாலிபத்துல இப்படித்தான் இருந்தார், குணசீலம் கோயில்ல 48 நாள் வெச்சிருந்தோம்னு அப்பத்தா சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும். தம்பிக்கு பைபோலார்னாங்க, மனசு ஒரு நேரம் தலைகால் புரியாம ஏறும், ஒரு நேரம் ஒரேயடியா இறங்கும், அந்த நோய். வெளிநாட்டுல காளான் மருந்தை வெச்சு நடக்கிற ஆய்வுகள்ல பைபோலார், ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு குடும்பத்துல இருந்தா பொதுவா ஆளையே சேர்க்கிறதில்லையாம். பைபோலாருக்குக் குடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடறவங்க காளான் எடுத்து வலிப்பு வந்ததாவும் பதிவு இருக்கு. மலையில விக்கிறவன் இதையெல்லாம் விசாரிச்சுட்டா குடுக்கறான்? விஷக் காளானைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவன்தானான்னும் யாருக்கும் தெரியாது. போலீஸ் வேற. அந்தக் காளான்ல இருக்கிற சைலோசைபின், என்.டி.பி.எஸ்.ங்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல வர்ற பொருள்.

தம்பி இப்ப தேறிட்டான். குறுவைக்கு வயல்ல இறங்கி நின்னான். மாத்திரையை மட்டும் விட முடியாதுன்னு சொல்லியிருக்காங்க.

குடந்தை – மெல்போர்ன்:

சொந்த ஊர் கும்பகோணம். இங்கே மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் தனி அனுமதி வாங்கிய மனநல மருத்துவர்கள், பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனநோய்) நோயாளிகளுக்கு, வெளியே போதைப்பொருளாகப் புழங்கும் எம்.டி.எம்.ஏ.வும், மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபினும் கொடுக்கலாம். கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. செலவும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஆம்புலன்ஸில் வேலை பார்த்த ஒரு பெண்மணியோடு நான் இருந்திருக்கிறேன். மருந்துக்கு முன்னாலேயே பல வாரம் வெறும் பேச்சு. மருந்து நாளில் காலையில் வந்தால் சாயங்காலம்தான் போக முடியும். கண்ணுக்கு மறைப்பு, மெல்லிய இசை, பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். அவர் அதிகம் பேசவே இல்லை. நடுவில் ஒரு குழந்தையின் பெயரைச் சொன்னார், அவர் வண்டியில் காப்பாற்ற முடியாமல்போன குழந்தை. நாங்கள் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தோம். அந்தக் குழந்தையைப் பற்றி அவர் முழுசாகச் சொல்லி முடிக்க அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஆனது.

2023-ல் வெளிவந்த பெரிய எம்.டி.எம்.ஏ. ஆய்வில் 104 பேர். சிகிச்சை முடிந்தபோது மருந்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் நிலை இல்லை. மருந்தில்லாத மாத்திரையோடு அதே பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 48 சதவீதம். ஊரெல்லாம் அந்த 71-ஐத்தான் பேசுகிறது. எனக்கு 48 முக்கியமாகப் படுகிறது. மூளையை அசைக்கும் மருந்து எதுவும் இல்லாமல், பயிற்சி பெற்றவர்கள் பொறுமையாகக் கூட உட்கார்ந்ததில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் எழுந்திருக்கிறார்கள். இதற்குச் சட்டம் மாற வேண்டியதில்லை, நம் மாவட்டங்களில் இன்றைக்கே செய்யலாம். ஆட்களைத்தான் பயிற்றுவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ.வுக்கு அனுமதி மறுத்துவிட்டது. தனக்குக் கிடைத்தது மருந்தா, வெறும் மாத்திரையா என்று கலந்துகொண்டவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்படியானால் முடிவை எப்படி நம்புவது என்பது ஒரு பெரிய கேள்வி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் முன்பு நடந்த ஒரு ஆய்வில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் வரம்பு மீறினார்கள், வீடியோ வெளியே வந்தது. இந்த மருந்துகளில் மனசு இளகிக் கிடக்கும், எதிரே இருப்பவர் எது சொன்னாலும் நம்பத் தோன்றும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஆள் தனியாகச் செய்கிறேன் என்றால், அவர் எவ்வளவு பெரிய குருவாக இருந்தாலும் போகாதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி:

கஜாவில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அன்றையிலிருந்து அம்மா சரியில்லை. காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் வாசலில் நிற்கிறாங்க, சாப்பாடு பாதியாகிவிட்டது. பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. உள்ளூரில் தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். திருச்சிக்குக் கூட்டிவந்து கெட்டமைன் போடலாமா அக்கா?

கீச்சாங்குப்பம் பொண்ணு:

இப்போது வேண்டாம் தம்பி. அம்மாவுக்கு இன்னும் முதல் வைத்தியமே நடக்கவில்லை. தூக்க மாத்திரை மனச்சோர்வுக்கான மருந்து ஆகாது. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரைப் பாருங்க. மாத்திரை கேட்கிறதா என்று தெரிய நாலு முதல் ஆறு வாரமாவது ஆகும், பாதியில் நிறுத்திவிடாதீங்க. இரண்டு வகை மருந்து சரியான அளவில் கொடுத்தும் கேட்காவிட்டால்தான் கெட்டமைன் பேச்சு வரும். டிரிப் ஏறும்போது பி.பி. உயரும், அதனால் அம்மாவுக்கு அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவரணும். அதுவரை அவசரம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் யாரும் "போனது போகட்டும், விடுங்க" என்று அம்மா வாயை அடைக்காதீங்க. எத்தனை மரம், எது யார் வைத்தது, எந்த மரம் முதலில் காய்த்தது என்று கேளுங்க, சொல்லட்டும். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே கூட்டிப்போகணும், அடுத்த வாரம் என்று தள்ளக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து வேறு இடத்தில் வையுங்க. திருவாரூர் போகிற நாளைச் சொல்லுங்க, நாகையிலிருந்து பக்கம்தான், நானும் வருகிறேன்.