பாப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் எங்கள் குடும்பக் குழு

திங்கட்கிழமை

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். இன்று அதிகாலையில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். 32 வாரத்திலேயே பிறந்துவிட்டதால் எடை 1,640 கிராம்தான். பிறந்தவுடன் அழுதாள்; ஆனால் சிறிது நேரத்திலேயே மூச்சு வேகமாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்துக்கொள்ள, மெல்லிய முனகலும் கேட்கத் தொடங்கியதால், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நுரையீரல் இன்னும் முதிரவில்லை என்றும், மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியில் வைத்திருப்பதாகவும், சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை நுரையீரலுக்குள்ளேயே செலுத்தப் போவதாகவும் மருத்துவர் சொன்னார். அவளுடைய அம்மா நலமாக இருக்கிறாள். குழந்தையை ஒரு கணம் முகத்தருகே காட்டியதோடு சரி, இன்னும் கையில் வாங்கவில்லை. தினமும் இரவு நானே இங்கே எழுதுகிறேன். அதுவரை யாரும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், மருத்துவமனைக்கும் வர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிரார்த்தனை மட்டும் வேண்டும்.

பெரியப்பா: படித்தோம், தம்பி. இன்று மாலை 7 மணிக்கு அவரவர் வீட்டில் இருந்தபடியே எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்வோம். பாப்பாவுக்காக மட்டுமல்லாமல், இரவும் பகலும் அவளருகே நிற்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் களைத்துப்போகாமல் இருப்பதற்காகவும் வேண்டிக்கொள்வோம்.

அத்தை: கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாம் மாதத்தில் அவ்வளவு தூரம் பயணம் போயிருக்க வேண்டாமோ, அல்லது நாம் செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேண்டுதலை மறந்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அக்கா: அத்தை, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்தக் குழுவைக் குழந்தையைப் பெற்றவளும் படிக்கிறாள் என்பதால் உடனே பதில் எழுதுகிறேன். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு, இதனால்தான் இப்படி ஆனது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. பாப்பாவின் மூச்சுத்திணறலுக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரியும். நுரையீரலில் இருக்கும் நுண்ணறைகளின் உட்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது; மூச்சை வெளியே விடும்போது அந்த அறைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் அதுதான் காக்கிறது. கருவில் அது போதிய அளவுக்குச் சேர்வது கடைசி வாரங்களில்தான். அந்த வாரங்கள் பாப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பூச்சையே மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

பெரியம்மா: நான் இதுவரை எதுவும் எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். 1977-இல் எனக்கு முதலில் பிறந்த மகனும் எட்டாம் மாதத்தில்தான் பிறந்தான். நெஞ்சு உள்ளே இழுத்தது, முனகியது என்று தம்பி எழுதியிருப்பதைப் படித்தபோது அவன் குரல் அப்படியே காதில் கேட்டது. இரண்டாம் நாளே போய்விட்டான். இன்னும் உருகி வேண்டியிருந்தால் தங்கியிருப்பானோ என்ற எண்ணம், மற்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணம் இந்தப் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

அக்கா: பெரியம்மா, பணி நேரம் முடிந்து வந்து பொறுமையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இப்படி இறந்துபோகும் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பூச்சு போதவில்லை என்பதை அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவரும் ஜெர் மீட் என்பவரும் சேர்ந்து வெளியிட்டதே 1959-இல்தான். காரணம் தெரிந்த பிறகும் மருந்து வரவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூட நிறைவதற்குள் இறந்துபோனான். அவ்வளவு அதிகாரம் இருந்த தகப்பனாலும் இல்லாத மருந்தை வரவழைக்க முடியவில்லை. ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா என்ற மருத்துவர், மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துத் தயாரித்த சர்ஃபாக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டது 1980-இல். உங்கள் மகன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். உங்கள் பிரார்த்தனையில் ஒரு குறையும் இருந்ததில்லை, பெரியம்மா. மருந்துதான் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

பெரியம்மா: இத்தனை வருடங்களில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். நாளையும் படிப்பேன்.

செவ்வாய்க்கிழமை

நான்: அண்ணா, அண்ணி, பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். சின்னவள் அம்மா எங்கே என்று கேட்டாள், பதில் சொன்னதும் விளையாடப் போய்விட்டாள். பெரியவன் விஷயத்தில்தான் உங்களைக் கேட்காமல் நானாக எதையும் சொல்ல விரும்பவில்லை. தூங்கவைக்கும்போது போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, "எனக்கு இன்னொரு பாப்பா வேண்டாம்னு நான் சாமிகிட்ட சொன்னேன் அத்தை, அதனாலதான் பாப்பாவுக்கு மூச்சு வரலையா?" என்று கேட்டான். இல்லவே இல்லை என்று அணைத்துக்கொண்டேன். உடனே, "அப்போ நான் சொன்னதை சாமி கேட்கலையா?" என்று கேட்டுவிட்டான். சாமி எல்லாவற்றையும் கேட்பார் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அண்ணி: பாப்பா பிறந்த பிறகு இந்தக் குழுவில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நாளைக் காலை அவன் எழுந்ததும் வீடியோவில் என்னை அழையுங்கள், நானே அவனிடம் பேசுகிறேன். ஐந்து வயதில் தான் நினைத்தது, தான் சொன்னது எல்லாமே நடந்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். அதனால், உன்னால் எதுவும் ஆகவில்லை என்பதை அவன் கேட்காவிட்டாலும் நாமாகவே அடிக்கடி சொல்ல வேண்டும். பாப்பா தூங்குகிறாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பிறகு தூங்கவே பயப்படுவான். பாப்பா சீக்கிரம் பிறந்துவிட்டாள், மூச்சுவிட அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஒரு கருவி உதவி செய்கிறது, அடுத்து என்ன ஆகும் என்று அம்மாவுக்கும் தெரியாது, தெரிந்ததும் உன்னிடம் சொல்வேன் என்பதுதான் நான் சொல்லப்போவது. எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்கை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். அது என் கையில் இல்லை. அக்கா நேற்று பெரியம்மாவுக்கு எழுதியதை நான் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கும் வேண்டியிருந்தது.

பெரியப்பா: அவனுடைய இரண்டாவது கேள்வியை நான் நெடுநேரம் யோசித்தேன், அம்மா. சாமி கேட்டார் என்றே அவனிடம் சொல். கோபத்தில் தங்கையை வெளியே அனுப்பிவிடு என்று அவன் உன்னிடம் சொன்னால், நீ காது கொடுத்துக் கேட்பாய், அவனுக்கு ஏன் கோபம் என்று விசாரிப்பாய், ஆனால் தங்கையை வெளியே அனுப்பமாட்டாய் அல்லவா? அதுபோல என்று சொன்னால் அவனுக்குப் புரியும். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு சிசுவின் நோயைத் தண்டனை என்றோ, பெற்றோரின் நம்பிக்கைக்கு வந்த சோதனை என்றோ விளக்குவதற்கு நம்மில் யாருக்கும் உரிமை கிடையாது என்றே நான் நினைக்கிறேன். ஆறுதல் என்று எண்ணித்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்பவளுக்கோ அது தன்மேல் சுமத்தப்பட்ட கணக்காகிவிடுகிறது.

அத்தை: அண்ணா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இனி காரணம் தேடும் பேச்சு என்னிடமிருந்து வராது. பெரியவனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வரும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள்.

புதன்கிழமை

நான்: அண்ணி பேசி முடித்ததும், "அப்போ நான் சாமிகிட்ட வேற மாதிரி சொல்லலாமா?" என்று கேட்டான். சொல்லலாம் என்றேன். பாப்பாவின் மெஷின் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று அப்போதே கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு அத்தையோடு கிளம்பிவிட்டான்.

அண்ணன்: மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது என்று அவனிடம் சொல். மருந்து கொடுத்த பிறகு ஆக்சிஜன் தேவை 40 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இன்று இரண்டு புதிய கவலைகள். உடல் மஞ்சளாகத் தொடங்கியதால் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது மூச்சுவிடவே மறந்துவிடுகிறாள்; செவிலியர் பாதத்தை மெல்லத் தட்டியதும் மீண்டும் தொடங்குகிறாள். அதற்குக் கஃபீன் கொடுக்கிறார்கள். வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டிருக்கும் மெல்லிய குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி தாய்ப்பால் போகிறது.

சித்தப்பா: மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டி, கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும் என்று ஒரு செய்தி வந்தது. மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாமா?

அக்கா: அந்தச் செய்தியை இங்கே பகிராமல் கேட்டதற்கு நன்றி, சித்தப்பா. வெயில் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்ததல்ல. 1956-இல் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயிலில் வைத்திருந்த குழந்தையின் உடலில் வெளிச்சம் பட்ட தோல் வெளுத்தும், துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகவும் இருந்ததை மருத்துவர்களிடம் காட்டினார். அதை வைத்துத்தான் ஒளிச் சிகிச்சையை உருவாக்கி 1958-இல் வெளியிட்டார்கள். வெயிலிலிருந்து வேண்டிய நீல ஒளியை மட்டும் எடுத்து, தோலைச் சுடாமலும் உடல் சூடு மாறாமலும் கொடுப்பதுதான் பாப்பாவின் விளக்கு. பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை எளிதில் வெளியேறக்கூடிய வடிவுக்கு அந்த ஒளி மாற்றிவிடும். 1,640 கிராம் குழந்தையை வெயிலில் வைத்தால் குளிர்ந்துபோகலாம் அல்லது சூடேறிவிடலாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். சொட்டுத் தாய்ப்பாலுக்கு இருக்கும் இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும். மூச்சை மறப்பது இந்த வாரங்களில் பிறந்தவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி முதிரவில்லை. காபியில் இருக்கும் அதே கஃபீன்தான் அதைத் தட்டி எழுப்புகிறது.

வெள்ளிக்கிழமை

அண்ணி: இன்று பாப்பாவை என் நெஞ்சில் வைத்தார்கள். குழாய்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவளைத் தூக்கி என் தோலோடு தோலாகத் தவளைபோல் கிடத்தி, மேலே துணியால் கட்டிவிட்டார்கள். தலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. முதுகு முழுவதும் பூனைமயிர். வாயை என் கழுத்துப் பக்கம் திருப்பி ஒரு கொட்டாவி விட்டாள். சிறிது நேரத்தில் திரையில் 91 என்று இருந்த ஆக்சிஜன் அளவு 96 ஆனது. இந்த நாட்களில் எனக்குப் பிரார்த்தனைக்குச் சொற்களே வரவில்லை. நீங்கள் எல்லோரும் எனக்குப் பதிலாக வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் கண்ணை மூடினேன். இன்று அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நானே வேண்டினேன்.

அக்கா: இதற்காகத்தான் காத்திருந்தேன். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அதையே பரிந்துரைத்தது. தம்பி, நீயும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார். அப்பாவின் நெஞ்சும் அதே சூட்டைக் கொடுக்கும். இன்னொன்று: பாப்பாவைப் பற்றி எழுதுகிற அளவுக்குத் தாயைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவள் தூங்க வேண்டும், அழுதால் அழவிட வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம்பிக்கை உள்ளவளுக்கு அது வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அண்ணன்: சரி, அக்கா. ஆபத்து முழுவதும் நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதற்கு, கருவில் இருந்த வாரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும்; அதுவரை குழாய்தான். நான்காம் வாரத்தில் விழித்திரைப் பரிசோதனை இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளை இப்போது யாரும் கேட்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் அப்பா வேண்டும் என்பதால், நாளை முதல் மாலையில் நான் வீட்டுக்கு வந்து அவர்களோடு இருந்து, தூங்கவைத்துவிட்டுத் திரும்புவேன். அந்த நேரத்தில் மருத்துவமனையில் இவளோடு ஒருவர் இருக்க வேண்டும்.

நான்: பெரியவன் பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறான். நாளை வீடியோவில் காட்டலாமா? மூக்கில் இருக்கும் குழாய், வயிற்றுக்குப் போகும் குழாய், கண்கட்டு ஆகியவை எதற்கு என்று இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அண்ணி: காட்டலாம். மாலை 4 மணிக்கு நான் மறுபடியும் அவளை நெஞ்சில் வைத்திருப்பேன்.

பெரியம்மா: மாலையில் அவளோடு நான் இருக்கிறேன், தம்பி. வேறு யாரையும் கேட்காதே. உள்ளே போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா: பாப்பா இருக்கும் அறைக்குள் பெற்றோரை மட்டும்தான் விடுவார்கள், பெரியம்மா; நீங்கள் வெளியே தாயின் கட்டிலருகே இருக்கலாம். அதற்கும் நகத்தை வெட்டி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் போக வேண்டாம்.

பெரியம்மா: சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிட்டேன். நாளை 5 மணிக்குள் அங்கே இருப்பேன்.