முகவரிக்குள் ஒளிந்திருந்த 11

கூரியர் வேலைக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தபோது நடந்தது. ஒரு வென்டரின் சர்வரிலிருந்து தினமும் விடியற்காலையில் ஆர்டர் பட்டியல் எக்ஸ்எம்எல்லாக (தரவைக் குறிச்சொற்களுக்குள் வைத்து அனுப்பும் உரை வடிவம்) வரும். அதைப் படித்து டெலிவரி சீட்டு அடிப்பது எங்கள் வேலை. ஒரு திங்கட்கிழமை அந்தக் கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் பாதியில் நின்றது. செல்லாத எழுத்தாம். பிழை காட்டிய வரியைத் திறந்தால் கதவு எண், தெரு, 'கோவில் எதிரில்'. குறையே தெரியவில்லை. அம்பு விசையால் நகர்ந்து பார்த்ததில், தெருப் பெயர் முடியும் இடத்தில் மட்டும் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணைக் காட்டும் ஹெக்ஸ் வியூவரில் பார்த்தால் எண் 11, செங்குத்து டேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து. வேர்டில் ஷிஃப்டோடு என்டர் தட்டினால் உள்ளே உட்காருவது இதுதான். யாரோ அங்கிருந்து காப்பி பண்ணி ஒட்டியிருக்க வேண்டும்.

32-க்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் திரையில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள். எக்ஸ்எம்எல்லின் 1.0 பதிப்பில் அவற்றில் 9 (டேப்), 10, 13 (வரி முடிவுகள்) மூன்றுக்கும்தான் இடம். வேறு ஒன்று நுழைந்தாலும் கோப்பு முழுக்கத் தள்ளுபடி.

அவசரத்தில் நான் செய்ததுதான் மானக்கேடு. 32 முதல் 126 வரை, அதாவது ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கும்படி ஒரு ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்றும் விதி) எழுதினேன். பார்சர் ஓடியது, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் கிடங்கிலிருந்து போன்: "தம்பி, சீட்டுல பேரே இல்ல, வெறும் புள்ளிதான் இருக்கு." தமிழில் எழுதிய பெயர்கள் எல்லாம் காலி. இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளி மட்டும் தப்பியிருந்தது.

அப்புறம் கட்டுப்பாட்டு எழுத்துகளை மட்டும் குறிவைத்தோம். இரண்டே வாரம். அவர்கள் பக்கம் யாரோ 'சரிசெய்து', 11-ஐ நேராக வைக்காமல் அதன் எண்ணைக் குறிக்கும்  என்று அனுப்ப ஆரம்பித்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் நல்ல எழுத்து, என் வடிகட்டி விட்டுவிட்டது. பார்சர் விடவில்லை. 1.0-இல் அப்படிச் சுற்றி எழுதினாலும் செல்லாது.

மறுமொழி 1

எனக்கு வந்தது வேறு மாதிரி. எங்களுக்குத் தரவு அனுப்பும் கம்பெனியார் வாடிக்கையாளர் பெயரை 50 பைட்டில் வெட்டி அனுப்புவார்கள். 'முருகன்' நமக்கு நான்கு எழுத்து. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட்: உகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் தனியாக எண்ணினால் ஏழு குறி, ஒவ்வொன்றுக்கும் மூன்று. நீளமான தமிழ்ப் பெயரில் 48 வரை முழுசாக வரும், கடைசி இரண்டு பைட் அரைகுறையாகத் தொங்கும். பைட்டை எழுத்தாக மாற்றும் டீகோடர் அங்கே கத்தும். வேடிக்கை என்னவென்றால், இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒரு இடைவெளியும் உள்ள பெயர்கள் சுத்தமாக வந்தன, அவற்றுக்கு ஆளுக்கு ஒரு பைட்தான் என்பதால் 2+48 என்று கணக்கு நேராகிவிடும். இது புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்பதுதான் கடைசிவரை அவர்கள் பதில். அவர்கள் சோதித்தது ஆங்கிலப் பெயர்களை வைத்து.

மறுமொழி 2

எனக்கு ஜேசனில் (எக்ஸ்எம்எல் போல இன்னொரு தரவு வடிவம்), முதல் எழுத்திலேயே பிழை. கண்ணுக்கு வெறும் அடைப்புக்குறிதான். அதற்கு முன்னால் 239, 187, 191 என்று மூன்று பைட், பாம் (BOM) என்பார்களே அது, கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம். கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து சேமித்திருக்கிறார்கள்.

முதல் பதிவருக்கு ஒரு கேள்வி: அந்த 11-ஐ அப்படியே நீக்கினீர்களா?

மறுமொழி 3

முதலில் நீக்கினேன். தெருவும் கோவிலும் ஒட்டிக்கொண்டு 'மேலத்தெருகோவில் எதிரில்' என்று சீட்டு வந்தது. இப்போது அந்த இடத்தில் இடைவெளி வைக்கிறேன், மூல வரியைத் தொடாமல் தனிக் கோப்பில் சேமிக்கிறேன்.  வடிவத்துக்கும் அதே கதிதான்.